பெயருக்குப் பின் ஓர் இடைவெளி

லியெபாயாவின் மீன் டப்பா ஆலை
வெள்ளிக்கிழமையோடு கைமாறுகிறது.
வாங்கியவர்களுக்கு வேண்டியது
கொதிகலன், குளிரறை, துறைமுகம் பார்த்த சுவர்.
சர்வரை மட்டும் காலியாகத் தரச் சொன்னார்கள்,
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

குன்டார்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு
"மதியத்துக்குள் முடியுமில்லையா?" என்றார்.
முடியும் என்றேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

பதினேழு வருட ரசீதுகள்
ஒரு காபி ஆறுவதற்குள் போயின.
அடம்பிடித்தவை கொஞ்சம்.
ஒன்று, "என்னை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்" என்றது.
தேடிப் போனால் மாடியில், பூட்டிய எடைபோடும் அறையில்,
நவம்பரிலிருந்து அணையாத ஒரு கணினி
விலைப்பட்டியலை வெறித்துக்கொண்டிருந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
இன்னொன்று, "உனக்கு அதிகாரம் இல்லை" என்றது.
அதிகாரத்தை எனக்கு நானே எழுதிக் கொடுத்துக்கொண்டேன்.
(இந்தத் தொழிலில் பதவி உயர்வு
இப்படி வந்தால்தான் உண்டு.)

பதினொன்றே காலுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று.
பெயர்: கைகள்.
அழி என்றால்
அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது.
இல்லாதது பட்டியலில் ஏன் நிற்கிறது?
மறுபடி அழி. மறுபடி இல்லை.
நிற்கிறது.
அணைத்து ஏற்றிப் பார்த்தேன்.
திட்டிப் பார்த்தேன், முதலில் லாத்வியனில், பிறகு
திட்டுவதற்கு அதைவிட வசதியான ரஷ்யனில்.
கடற்காற்று தன் பங்குக்கு ஜன்னலை உலுக்கியது.
புகைபோட்ட மீனின் வாசம் கீபோர்டு வரைக்கும்.

கடைசியில், வேறு வழியில்லாமல்,
பெயருக்குள் சுட்டியை வைத்து
எழுத்தெழுத்தாக நகர்த்தினேன்.
எழுத்து தீர்ந்த பிறகும்
ஓர் அடி போனது அது.

அங்கே ஓர் இடைவெளி.
பெயருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல்.
கணினியோ பெயரைக் கேட்டதும்
நுனியைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு
சுத்தமான பெயரைத் தேடிப் போகிறது;
அந்தப் பெயரில் யாருமில்லை.
பாவம், பொய் சொல்லவில்லை.

யாருடைய கட்டைவிரல் என்று தெரிந்துவிட்டது.
ஸ்கைத்ரீதே. கணக்குப் பிரிவு.
அவளிடம் மட்டும்தான் பழைய மக்கின்டோஷ்.
எதை அடித்தாலும் முடிவில் ஸ்பேஸ்பாரை ஒரு தட்டு,
கதவைப் பூட்டிவிட்டு
இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பவள் போல.

கறுப்புத் திரையைத் திறந்து
பாதைக்கு முன்னால் நான்கு குறிகள் போட்டேன்.
அவற்றுக்கு அர்த்தம்: திருத்தாதே,
சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்.
இடைவெளியோடு கூப்பிட்டேன்.
வந்தது.
வாலை நறுக்கி, பெயர் மாற்றி, திறந்தேன்.

கையுறை அளவுகள், 2011.
மிர்ட்ஸா ஆறரை. அய்னா எட்டு.
ஸான்டா ஏழு, இடது கைக்கு மட்டும் ஏழரை.
வெல்கா ஏழு.
இப்படி நாற்பத்து மூன்று பெண்கள்.

போன் போட்டேன். ஸ்கைத்ரீதே இப்போது
அயர்லாந்தில், ஒரு காளான் பண்ணையில்.
பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தம்.
"அழிக்கட்டுமா?"
"வெல்காவுக்கு என்ன போட்டிருக்கிறது?"
"ஏழு."
"தப்பு. எட்டு. இறுக்குகிறது, இறுக்குகிறது என்று
வருடம் முழுக்கச் சொன்னாள்.
மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று
நான் மாற்றவே இல்லை."
ஏழு போய் எட்டு வந்தது.
"போட்டாச்சா?"
"ஆச்சு."
"சேமித்தாயா?"
சேமித்தேன்.
"சரி. இப்போ அழி."

பதினொன்று ஐம்பத்தெட்டு.
ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனது.

குன்டார்ஸ் எட்டிப் பார்த்தார்:
"என்ன இவ்வளவு நேரம்?"
"கையுறை" என்றேன்.
மனிதர் குனிந்து
மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.